சுளகளவு ஆகாயத்தாமரை

அன்றைக்குக் குளக்கட்டில் நின்றவர்கள்: குளத்தடி அக்கா, பக்கத்துத் தோட்டக்காரர் சிவம் அண்ணை, வாசிகசாலைப் பெடியள் ஐந்தாறு பேர், நான். அக்காவின் இரண்டு மாடுகளும் மாரியில் பிறந்த ஒரு கன்றும் கட்டுக்குக் கீழே மேய்ந்துகொண்டு நின்றன. வராதவர்கள் இரண்டு பேர். குளத்தில் பரவிய செடியை எடுக்கப் பத்து மணிக்கு வருகிறோம் என்று போனில் சொன்ன அரசாங்கக் கந்தோர்க்காரர்கள்.

அவர்களுக்காக அக்கா வீட்டிலிருந்து இரண்டு கதிரை தூக்கிவந்து பூவரச மர நிழலில் போட்டிருந்தார். துடைத்த கதிரைகள். பக்கத்தில் சுடுதண்ணிப் போத்தலில் தேநீர், ஒரு சீப்பு வாழைப்பழம், கவிழ்த்து வைத்த இரண்டு கோப்பை. பத்து மணி போனது, பதினொன்றும் போனது. சிவம் அண்ணை கால் மாற்றி மாற்றி நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அக்கா, உந்தக் கதிரையிலை அவை வருமட்டும் நாங்கள் இருந்தால் என்ன? தேயவே போகுது?"

"அது வாறவைக்கு."

"வாறவை வரேல்லையே."

"வாறம் எண்டு சொன்னவை. வருவினம்."

வெயில் ஏற ஏற நிழல் நகர்ந்தது. அக்கா எழும்பி இரண்டு கதிரைகளையும் நிழலோடு நகர்த்தி வைத்தார். மத்தியானத்துக்குப் பிறகு மரத்தின் மற்றப் பக்கத்துக்குக் கொண்டுபோனார். பெடியள் பசி என்று போய்விட்டார்கள். மாலையில் நான் சைக்கிளை எடுக்கும்போதும் கதிரைகள் நிழலில்தான் நின்றன. வாழைப்பழத்தில் ஒன்றைக்கூட அவர் ஒருவருக்கும் தரவில்லை.

அக்கா இப்போது புளியங்கூடலில் இல்லை. வவுனியாவில் தங்கையோடு இருக்கிறார். பெயரை எழுத அவருக்கு விருப்பம் இராது. எழுதினாலும் எங்கள் பக்கத்தில் பலருக்கு ஆளைத் தெரியாது. சின்னக் குளத்துக் கட்டோடு ஒட்டிய வளவில் இரண்டு மாடு வைத்துப் பால் விற்ற அவர் எல்லோருக்கும் குளத்தடி அக்காதான்.

அவருக்கு ஒருவர் சொன்ன சொல் என்பது கையில் தந்த பொருள் மாதிரி. தந்தால் தந்ததுதான். ஒரு மாரியில் புயல் அடித்து வளவுகளில் தகரம் பறந்தது; ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர். கைக்குழந்தை இருந்த ஒரு வீட்டுக்கு, தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அக்கா ஒரு போத்தல் பாலோடு போய் நின்றார்.

"இந்த மழைக்குள்ளை உங்களை ஆர் அக்கா வரச் சொன்னது? விழுந்து கிழுந்து போனால்?" என்று வீட்டுக்காரி பதறினாள்.

"ஆரும் சொல்லேல்லை. விடிய வாறன் எண்டு நேற்று நான்தானே சொன்னனான். போத்தலைக் கழுவித் தாரும்."

மற்றவர்கள் சொன்னதையும் அப்படியேதான் எடுத்துக்கொள்வார். யாழ்ப்பாணத்திலிருந்து மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கிவரும்படி ஒரு பஸ் நடத்துநரிடம் காசு கொடுத்திருந்தார். அடுத்த பஸ்ஸில் கொண்டுவருகிறேன் என்றவன் மறந்துவிட்டான். அக்கா தரிப்பிடத்தை விட்டு அசையவில்லை. அவனுடைய பஸ் வந்து, போய், திரும்ப வந்து, போனது. ஒவ்வொரு முறையும் அக்கா அங்கேயே நிற்பதைக் கண்டவனுக்குக் கடைசியில் முகம் கொடுக்க முடியவில்லை. வேலணையில் இறங்கி, தன் காசில் ஒரு கடையில் புண்ணாக்கு வாங்கிவந்து கொடுத்தான். அதற்குப் பிறகு அக்கா ஏதாவது சொன்னால் உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டுதான் போவான். இப்படி அக்கா நின்று நின்றே எங்கள் பக்கத்தில் பலரைச் சொல் தவறாதவர்களாக்கி வைத்திருந்தார். போனில் பேசியவர்களுக்கு மட்டும் அவர் நிற்பது தெரியவில்லை.

நாங்கள் இருவரும் பழகியது அந்தச் செடியால்தான். குளங்களிலும் வாய்க்கால்களிலும் பரவும் அந்நியச் செடிகளைக் கண்டால் அறிவிக்கும் தொண்டர்களை ஒரு சுற்றாடல் அமைப்புத் தேடியது. வேலணையில் ஒரு மண்டபத்தில் வகுப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். போனில் தமிழில் வேகமாகத் தட்டுவேன். அதனால் ஊர்காவற்றுறையிலிருந்து புளியங்கூடல் வரைக்கும் வரும் தகவல்களைச் சேர்த்து அனுப்பும் வேலை எனக்கு வந்தது. ஐயா கடலுக்குப் போகிறவர். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே சொன்னார்: "எங்கடை பரம்பரை மீனுக்குக் காவல் இருந்தது. இவர் புல்லுக்குக் காவல் இருக்கப் போறார்."

வகுப்பு எடுத்த பிள்ளை கெட்டியான அட்டைகளில் செடிகளின் படங்களைத் தந்தாள். ஊதாப் பூவோடு ஆகாயத்தாமரை, சுருண்ட இலையோடு சல்வீனியா. கண்டால் படம் எடுக்க வேண்டும், இடத்தைக் குறித்து அனுப்ப வேண்டும், பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் முறிந்த ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச்செடி ஆகும். எப்படி எடுப்பது என்று தெரிந்தவர்கள் வந்து எடுப்பார்கள்.

"எல்லாரும் சொல்லுங்கோ பாப்பம், தொடமாட்டம் எண்டு."

சாப்பாட்டுப் பார்சல் மேசைக்கு வந்துகொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தபடியே, தொடமாட்டம் என்று பள்ளிப் பிள்ளைகள் மாதிரி இழுத்தோம். அக்கா மட்டும் கதிரையை விட்டு எழும்பி நின்று சொன்னார். பிறகு கேட்டார்:

"நாங்கள் அனுப்பினால் வருவினமோ பிள்ளை?"

"கட்டாயம் வருவினம் அக்கா."

அக்கா தலையாட்டிவிட்டு இருந்தார். அவரைப் பொறுத்தவரை அந்த விஷயம் அதோடு முடிந்தது.

தை மாதம் ஒரு காலையில் எனக்குப் போன் வந்தது. "தம்பி, அட்டையிலை இருந்த ஆள் இஞ்சை வந்திருக்கிறார்."

போய்ப் பார்த்தேன். புதிதாகக் கட்டிய ஒரு வீட்டு முற்றத்தில் அழகுக்கென்று தொட்டியில் வளர்த்த செடி. மாரி வெள்ளத்தில் தொட்டி நிரம்பி வழிந்து, வாய்க்காலோடு சின்னக் குளத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அரிசி புடைக்கிற ஒரு சுளகை வைத்த அளவு இருக்கும். நடுவில் இரண்டு ஊதாப் பூக்கள். வடிவாகத்தான் இருந்தது. குனிந்து இரண்டு கையாலும் அள்ளியிருந்தால் ஒரே அள்ளலில் கரைக்கு வந்திருக்கும். என் கை நீண்டதைக் கண்டு அக்கா சேலைத் தலைப்பால் ஒரு தட்டுத் தட்டினார்.

"என்ன தம்பி, படிச்ச பிள்ளை. சொல்லிப்போட்டெல்லே வந்தனாங்கள்?"

படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: தகவலுக்கு நன்றி, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. அதை அவர் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "பாத்தீரே, அனுப்பிப்போட்டினம்" என்றார்.

அதன் பிறகு அக்கா எனக்குச் சொல்லிய அளவுகள்தான் அந்தச் செடியின் வரலாறு. "சுளகு இப்ப பாயாச்சு தம்பி." "இரண்டு பாய்." "களம் மாதிரிக் கிடக்கு, நெல்லுச் சூடு அடிக்கலாம்." "அரைப் பரப்புக் காணியளவு வரும்." நான் அவற்றைச் சதுர மீற்றராக்கி எழுதி அனுப்புவேன். ஒவ்வொன்றுக்கும் அதே நன்றி வந்தது. போன் எடுத்துக் கேட்டால், குளம் ஒரு கந்தோருக்குச் சொந்தம், குளத்துக்குள் முளைக்கும் செடி இன்னொரு கந்தோருக்குச் சொந்தம் என்றார்கள். இரண்டாவது கந்தோரில் வாகனம் இல்லை. ஆனால் எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். கடைசியில் எல்லோரும் வாற கிழமை வாறம் என்றார்கள். அந்த மரியாதைதான் எங்களைக் கெடுத்தது. ஒருவராவது ஏலாது என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லியிருந்தால் அக்கா அன்றே குளத்தில் இறங்கியிருப்பார்.

பாயளவில் இருந்தபோதே சிவம் அண்ணை மாங்காய் பிடுங்குகிற கொக்கத்தடியோடு வந்தார். மிளகாய், வெங்காயம் வைக்கிற மனிதர். களையைக் கண்டால் கை சும்மா இராது. அக்கா முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குறுக்கே நின்றுவிட்டார்.

"விடுங்கோ அக்கா, பத்து நிமிச வேலை."

"தொடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

"நீங்கள் சொன்னனீங்கள். நான் சொல்லேல்லை."

"நீர் சொல்லாட்டில் என்ன, குளம் ஒண்டுதானே? நீர் முறிக்கிற துண்டு நான் சொன்ன சொல்லையும் சேர்த்தெல்லே முறிக்கும்."

"உங்களுக்கு விசர்" என்றுவிட்டுச் சிவம் அண்ணை போய்விட்டார். கரையில் நின்ற என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லடா தம்பி" என்றார். நான் என்ன சொல்வது? வகுப்பில் சொன்னபடி பார்த்தால் அக்கா சொன்னதுதான் சரி.

எங்கள் தீவுகளில் குளம் என்பது பார்க்கிற அழகுக்கு இல்லை. மாரித் தண்ணீர் குளத்தில் நின்றால்தான் சுற்றியுள்ள கிணறுகளில் நல்ல தண்ணீர் நிற்கும். குளம் வற்றினால் அடியிலிருந்து உவர் ஏறும். அந்தச் செடி தண்ணீரை உறிஞ்சியது. பங்குனியிலேயே குளம் சேறாகக் குறையத் தொடங்கியது. அக்காவின் கிணற்றில் முதலில் ஒரு மணம் வந்தது, பிறகு உவர். அந்தத் தண்ணீரில் தேநீர் போட்டால் பால் திரைந்தது. மாடுகள் வாளியில் மூக்கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டன.

கதிரை போட்டுக் காத்திருந்த நாளுக்குப் பிறகு கந்தோர்க்காரர் சொன்ன இன்னும் இரண்டு தவணை வந்து போயிற்று. அப்போதுதான் கன்றின் காரியம் நடந்தது. குளம் முழுக்கப் பச்சை மூடி, கட்டுக்கும் குளத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் கிடந்தது. கயிறு அவிழ்ந்த கன்று துள்ளிக்கொண்டு ஓடி, புற்றரை என்று நினைத்து அதன் மேல் பாய்ந்தது. ஓரிரண்டு எட்டுத் தாங்கியது. பிறகு பின்கால்கள் இறங்கின. அக்கா கத்திய கத்தலில் சிவம் அண்ணை மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவர்தான் கயிறு எறிந்து இறங்கினார். கீழே சேறு, மேலே வேர். கன்றின் கால்களில் தண்டுகள் சுற்றிச் சுற்றி, இழுக்க இழுக்கப் பச்சை முழுதும் கூடவே வந்தது. கரைக்கு எடுத்தபோது மூச்சு இல்லை. தாய்மாடு குளக்கட்டில் நின்று கத்திக்கொண்டே இருந்தது.

செய்தி கேட்டு நான் போனபோது அக்கா கயிற்றைக் கையில் சுற்றியபடி இருந்தார். அழவில்லை.

"தம்பி, இதையும் எழுதி அனுப்பும்."

"எதை அக்கா?"

"கண்டுக்குட்டி செத்ததை. அவைக்குத் தெரியாமல் இருக்கும். தெரிஞ்சால் வருவினம்."

செடியின் பெயர், இடம், பரப்பளவு என்றுதான் அங்கே கட்டங்கள் இருந்தன. கன்றுக்கு இடம் இல்லை. வேறு அவதானிப்புகள் என்ற கட்டத்தில் எழுதி அனுப்பினேன். தகவலுக்கு நன்றி, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று வந்தது. அக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இந்த முறை இரண்டாம் தரம் வாசிக்கச் சொல்லவில்லை.

அடுத்த நாள் விடிய அவரே சிவம் அண்ணையின் படலையில் போய் நின்றார்.

"வாரும். பிடுங்குவம்."

தன் சொல்லை அவர் முறித்து நான் கண்டது அந்த ஒரு முறைதான். முறித்ததற்கு ஈடாக எங்கள் எல்லோரிடமும் ஒரு சொல் வாங்கினார். பிடுங்கியது எல்லாம் குளக்கட்டிலேயே காய வேண்டும், காய்ந்ததும் அங்கேயே கொளுத்த வேண்டும், ஒரு இலைகூட வெளியே போகக் கூடாது. கூட்டமாக ஓம் என்றதை அவர் ஏற்கவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று கேட்டார்.

"கொண்டு போகமாட்டீர்?"

"இல்லை அக்கா."

"சிவம், நீர்?"

"ஓம் ஓம், கொண்டு போகேல்லை. முதல்லை இறங்க விடுங்கோ."

பிடுங்கி முடிக்க ஒரு கிழமைக்கு மேல் போனது. இடுப்பளவு சேறு, உடம்பு முழுக்கக் கடி, ஊர் முழுக்க நாற்றம். ஐயாவும் பழைய வலை ஒன்றைக் கொண்டுவந்து, "இதிலை மீன் பட்டதைவிட உங்கடை புல்லுத்தான் கூடப் படுது" என்றபடி இழுத்துத் தந்தார். கட்டின் மேல் பச்சை ஆளுயரத்துக்குக் குவிந்தது.

அந்தக் குவியலைத் தோட்டக்காரர்கள் பார்த்த பார்வையை நான் அன்று விளங்கிக்கொள்ளவில்லை. நான் கடற்கரைப் பெடியன். எங்கள் மண்ணுக்குப் பச்சைக் குழையைப் பசளையாக மண்ணுக்குள் தாழ்க்காமல் பயிர் வராது. பூவரசங் குழைக்காக வன்னிக்குப் போய், உழவு இயந்திரத்துக்குக் கூலி கொடுத்துக் கொண்டுவருகிறவர்களுக்கு, வீட்டு வாசலில் மலையாகக் கிடக்கும் குழையைக் கொளுத்து என்றால் அது சோற்றைக் கொளுத்து என்பது மாதிரி.

அக்கா காலையில் பால் கொடுக்கப் போயிருந்த நேரம் தோட்டக்காரரின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பெட்டியோடு வந்தது. அவர் திரும்பியபோது குவியலில் பாதி இல்லை.

"தோட்டப் பக்கம் வெயில் கூட அக்கா. காய விரிச்சிருக்கிறம்" என்றார் சிவம் அண்ணை.

"காய்ஞ்ச உடனை கொளுத்துறீர்தானே?"

"பின்னை?"

அக்கா நம்பினார். தோட்டப் பக்கம் போய்ப் பார்க்கவும் இல்லை. மிச்சப் பாதியைக் காயவைத்துக் காயவைத்துத் தன் கையாலேயே கொளுத்தினார். புகையில் கண் சிவந்து இருமிக்கொண்டு, "அங்காலை அவையும் கொளுத்தியிருப்பினம்" என்று என்னிடம் சொன்னார்.

அவர்கள் அதைத் தாழ்த்திருந்தார்கள். சிவம் அண்ணையின் காணியின் மற்றத் தொங்கல் ஊரின் பெரிய குளத்தின் ஓரம், தாழ்வான நிலம். தாழ்த்தது போக மிஞ்சியதை வரப்போரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். அடியில் ஈரத்தோடு கிடந்த வேரும் விதையும் சாகவில்லை. அடுத்த மாரியின் முதல் வெள்ளம் வரப்பை மேவிக் குளத்துக்குள் போனது. சின்னக் குளத்தில் மாடு குடிக்கும். பெரிய குளத்தைச் சுற்றியிருக்கும் கிணறுகளில்தான் ஊர் குடிக்கும்.

தை மாதம் அக்காவிடமிருந்து போன். சுளகு, பாய் எதுவும் சொல்லவில்லை. "தம்பி, பெரிய குளம்" என்றார். அவ்வளவுதான்.

நான் போனபோது குளக்கட்டில் ஊரே நின்றது. கரையோரம் முழுதும் பச்சை, ஊதாப் பூ. தண்ணீர்க் கான்களோடு வந்த பெண்கள் கிணற்றடியில் நின்று குளத்தைப் பார்த்தார்கள். சின்னக் குளத்திலும் அடியில் கிடந்த விதைகள் திரும்ப முளைத்திருந்தன. அக்கா சிவம் அண்ணைக்கு முன்னால் போய் நின்றார்.

"சிவம், கொண்டு போகமாட்டன் எண்டு சொன்னனீர்தானே?"

சிவம் அண்ணை நிலத்தைப் பார்த்தார். கன்றுக்காக முதலில் சேற்றில் இறங்கிய மனிதர். "சொன்னனான் அக்கா. நெருப்பு வைக்கக் கை வரேல்லை. குழையக்கா அது. எங்கடை ஆக்களிலை குழையைக் கொளுத்தினவன் ஆர்?"

"அப்ப ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே."

அதற்கு மேல் அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எங்களுக்கெல்லாம் நல்லாக இருந்திருக்கும். நான் பழக்கத்தில் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தூக்கினேன். அக்கா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"வேண்டாம் தம்பி. திரும்பவும் வாறம் எண்டுவினம்."

ஊர்க்காரர்கள் காசு சேர்த்தார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பினார்கள். சிவம் அண்ணை பெண்சாதியின் காப்பை அடைவு வைத்தார். உவர்க் கிணற்றை வைத்துக்கொண்டு மாடு வளர்க்க முடியாது என்று அக்கா இரண்டையும் வேலணையில் ஒருவருக்கு விற்று, காசை அப்படியே கொண்டுவந்து வைத்தார். அதையும் எண்ணி மற்றக் காசோடு சேர்த்தோம்.

மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் ஒன்றை லொறியில் கொண்டுவந்து குளக்கட்டில் இறக்கினார்கள். ஓட்டுநர் முற்பணத்தை எண்ணிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "விடிய ஆறு மணிக்கு நிப்பன் அக்கா, யோசிக்காதேங்கோ."

அக்கா கையை நீட்டினார். "திறப்பைத் தந்திட்டுப் போம்."

அவன் சிரித்தான். பிறகு எங்களைப் பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. இயந்திரத்தின் திறப்பைக் கழற்றி அவர் கையில் வைத்தான். அக்கா அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, எங்களில் ஒருவரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

சின்னக் குளத்துக்குக் காசு போதவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டோம். பெரிய குளத்துக்கு மட்டும், பெக்கோக் கூலி, டீசல், அள்ளியதை ஏற்றி உவர் வெளியில் கொண்டுபோய்க் கொளுத்திய செலவு எல்லாம் கூட்டி, அக்காவின் இரண்டு மாடுகளும் சேர்த்து, முடிந்தது நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்.